வீட்டுக் கழிநீர் அடைப்பு: காரணம் அறிதலும் தடுக்கும் முறையும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதியது)

ஒரு வீட்டின் சுகாதாரத்தை அறிய விரும்புவோர் அவ்வீட்டின் கூடத்தைப் பார்த்துத் திரும்பிவிடுதல் போதாது. கொல்லைப்புறம் சென்று, பாத்திரம் துலக்கிய நீரும் குளித்த நீரும் எங்கே போகின்றன என்று பார்த்தல் வேண்டும். நல்ல நீரை வீட்டிற்குக் கொண்டுவருவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியளவேனும், பயன்படுத்திய நீரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதில் காட்டுவதில்லை. குழாய் திறந்தால் நீர் வராதபோது ஊராட்சி அலுவலகத்திற்கு விரைகின்றோம். சாக்கடை நாள்தோறும் சிறிது சிறிதாக அடைபடும்போதோ, மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிச் செல்கின்றோம்.

கழிநீர் வடிகால் நமக்குப் புதியதன்று. அங்கணம், தூம்பு என்னும் சொற்கள் நம் மொழியில் தொன்றுதொட்டு வழங்குகின்றன. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ நகரத்தார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தெருச்சாக்கடையைச் செங்கல்லால் கட்டி, மேலே மூடியுமிட்டு வைத்தனர். மதுரைக்கு அருகே கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. அத்தகைய மரபில் வந்த நாம், நம் தெருவில் நீர் தேங்கி நிற்பதைப் பொறுத்துக்கொண்டிருப்பது பொருந்துமா?

நம் வட்டாரத்தின் நிலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவை. 1960ஆம் ஆண்டுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019ஆம் ஆண்டு தனி மாநகராட்சியாயிற்று. இவற்றை அடுத்துள்ள பூந்தமல்லி, வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றூர்களிலும் வயல்கள் மனைகளாயின. முன்னர் ஒரு குடும்பம் தன் கொல்லையில் இரண்டு வாழைக்கும் ஒரு தென்னைக்கும் விட்ட நீர், இன்று கொல்லையே இல்லாத மனையிலிருந்து தெருவிற்கு வருகின்றது. வயலுக்கு நீர் கொணர்ந்த வாய்க்கால்கள் பல இடங்களில் தூர்ந்தும் குறுகியும் போயின. போக்கிடம் சுருங்க, வரும் நீரோ பெருகிற்று.

எவ்வளவு பெருகிற்று என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று அளவு வகுக்கப்பட்டது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 275 லிட்டர். வழங்கும் நீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிநீராகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. அவ்வாறாயின் வீடொன்றுக்கு 220 லிட்டர். நானூறு வீடுகளுள்ள ஓர் ஊரில் நாள்தோறும் 88,000 லிட்டர். அஃதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏழுக்கும் மேற்பட்டவை நாள்தோறும் தெருவில் கவிழ்க்கும் நீருக்குச் சமம். இதற்கு வழி செய்யாமல் குடிநீர்க் குழாயை மட்டும் நீட்டிக்கொண்டே போவது, வாசலைத் திறந்து வைத்துக் கொல்லைக் கதவை அடைப்பதை ஒக்கும்.

யான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் யான் பணியாற்றிய ஒன்றியத்தில், பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நேர்ந்ததை இங்கே கூறுவது பயனுடையதாகும். ஏறத்தாழ முந்நூறு அடி நீளமுள்ள தெருச்சாக்கடை அடைபட்டதென்று மனு வந்தது. ஆள் வைத்துச் சேறு வாரச் செய்தோம். மூன்றாம் நாள் நீர் மீண்டும் நின்றது. இரண்டாம் முறையும் வாரினோம். மூன்றாம் முறையும் வாரினோம். செலவுச் சீட்டுகள் சேர்ந்தனவேயன்றி நீர் நகரவில்லை. மக்கள் குப்பை போடுவதே காரணம் என்று யான் தீர்மானித்து, அத்தெருவார்க்கு அறிவுரையும் கூறினேன்.

அப்போது திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "ஐயா, குப்பையை நாங்க போடல. ரோடு ஒசத்தும்போது அங்க ஒரு பாலம் கட்னாங்களே, அன்னையிலேருந்துதான் தண்ணி போகல. மேட்டுல எப்படிங்க ஐயா தண்ணி ஏறும்?" என்றார். மேஸ்திரியை அழைத்து, ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். சிறுபாலத்தின் அடித்தளம் அதற்கு மேற்புறமுள்ள சாக்கடைத் தளத்தைக் காட்டிலும் மூன்று அங்குலம் உயர்ந்திருந்தது. அதற்கு மேலேயுள்ள பகுதி முழுவதும் குட்டையாகவே நின்றது. சேற்றை எத்தனை முறை வாரினாலும் குட்டை குட்டையே அன்றோ?

இன்னும் கூற வேண்டியது ஒன்று உண்டு. அக்குட்டையினூடே இரு வீடுகளின் குடிநீர் இணைப்புக் குழாய்கள் சென்றன. அவற்றுள் ஒன்றின் இணைப்பு துருவேறிக் கசிந்தது. குழாயில் நீர் வரும் நேரத்தில் உள்ளிருந்து வெளியே கசியும். நீர் நிறுத்தப்பட்டபின் குழாயினுள் அழுத்தம் குறைந்து, வெளியிலுள்ள சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வாரத்தில் அத்தெருவில் குழந்தைகள் சிலர்க்கு வாந்தியும் பேதியும் கண்டன. அம்மூதாட்டியின் பேரன் இரண்டு நாள் மருத்துவமனையில் நினைவு தெளியாமற் கிடந்து, பின்னர்ப் பிழைத்தான். யான் அடைப்பை மட்டுமே பார்த்தேன். அடைப்பின் காரணத்தையும் பார்க்கவில்லை, அதனூடே ஓடிய குழாயையும் பார்க்கவில்லை. நோயின் மூலத்தை ஆராயாமல் மருந்து கொடுத்த வைத்தியனின் குற்றம் என்னுடையது. அதனை மற்ற ஊர்களில் தடுக்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அடைப்பு உண்டாகும் விதம்

வீட்டுக் கழிநீர்க் குழாய் அடைபடுவதற்குரிய காரணங்களை ஏழாக வகுக்கலாம்.

முதலாவது, எண்ணெய்ப் பசை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறையும் தன்மையுடையது. மார்கழி, தை மாதங்களில் நம் பகுதியில் இரவு வெப்பம் அதற்கும் கீழே இறங்குகின்றது. எண்ணெய்ச் சட்டியைச் சுடுநீரால் கழுவி ஊற்றும்போது எண்ணெய் எளிதில் ஓடுவது போலத் தோன்றும். சில அடி தூரம் சென்று குளிர்ந்தவுடன் குழாயின் சுவரில் படியும். அதன்மேல் சோற்றுப் பருக்கையும் கஞ்சியும் ஒட்டும். இவ்வாறு நாலங்குலக் குழாய் சில ஆண்டுகளில் ஓரங்குல வழியாகச் சுருங்கும்.

இரண்டாவது, தலைமயிரும் சீயக்காய்த் தூளும் சவர்க்கார அழுக்கும் திரண்ட கட்டி. குளியலறைத் துவாரத்தில் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாவது, கரையாத பொருள்கள்: தேங்காய் நார், சாம்பல், மணல், ஷாம்பு உறை, பால் உறை, துணித்துண்டு, மாதவிடாய்க்கால அணையாடை. அணையாடை நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருக்கும் இயல்புடையது. கழிப்பறையில் இட்ட ஒன்றே குழாயை முழுதும் அடைத்துவிடும்.

நான்காவது, வேர். குழாய் இணைப்பில் மயிரிழை போன்ற பிளவு இருந்தாலும் ஈரத்தை நாடி வேர் உட்புகும். அரசு, ஆல், வேம்பு ஆகியவற்றின் கன்றுகள் சுவரோரம் முளைத்தால் அன்றே பிடுங்கி எறிதல் நலம்.

ஐந்தாவது, வாட்டக் குறைவு. கொத்தனார்கள் வாட்டம் என்று கூறும் சரிவு மிகக் குறைந்தால் நீர் மெல்ல ஊர்ந்து, சுமந்து வந்த பொருளை வழியிலேயே விட்டுச் செல்லும்.

ஆறாவது, மண்ணின் குணம். நம் பகுதியில் பல இடங்களில் களிமண் உண்டு. களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். இவ்வாறு ஆண்டுதோறும் அசைவதால் நன்கு அணைத்துப் பதிக்காத குழாய் நடுவில் தொய்கின்றது, இணைப்பு விலகுகின்றது.

ஏழாவது, மழைநீர். மொட்டை மாடி நீரையும் முற்றத்து நீரையும் கழிநீர்க் குழாயில் இணைப்பவர் உளர். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடுகின்றது. ஒரு நாளில் நான்கங்குல மழை பெய்தால் ஆயிரம் சதுர அடி மாடியிலிருந்து ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் நீர் இறங்கும். 220 லிட்டருக்காக அமைத்த குழாய் இதனைத் தாங்குமா? அந்நீரோடு வரும் மண்ணும் அடியில் படியும்.

காரணம் அறியும் முறை

அடைப்பைக் கண்டவுடன் கம்பியை எடுக்கலாகாது. முதலில் ஐந்து வினாக்களை எழுப்பி விடை காணல் வேண்டும்.

1. ஒரு துவாரமா, எல்லாத் துவாரங்களுமா? சமையலறைத் தொட்டியில் மட்டும் நீர் நின்று, குளியலறையும் கழிப்பறையும் நன்றாக ஓடினால், அடைப்பு அத்தொட்டியின் அடிவளைவிலோ அதன் கிளைக் குழாயிலோ உள்ளது. எல்லாம் ஒருசேர நின்றால் அடைப்பு பொதுக்குழாயில் உள்ளது. கழிப்பறையில் நீர் ஊற்றும்போது தாழ்வான குளியலறைத் துவாரத்தின் வழியே நீர் எழும்புமாயின், அவையிரண்டும் சேரும் இடத்திற்கு அப்பால்தான் தடை என்பது உறுதி.

2. சிறிது சிறிதாக வந்ததா, திடீரென வந்ததா? பல வாரங்களாக நீர் மெல்ல வடிந்துவந்து கடைசியில் நின்றால் எண்ணெய்ப் பசையோ வேரோ காரணமாகலாம். நேற்று வரை நன்றாக ஓடி இன்று நின்றால் துணியோ உறையோ விழுந்திருத்தல் வேண்டும்.

3. எப்போது நிற்கின்றது? மழைக்காலத்தில் மட்டும் நின்று கோடையில் தானே சரியாகுமாயின், குழாயில் அடைப்பு இல்லாமலே இருக்கலாம். நிலத்தடி நீர் உயர்ந்து உறிஞ்சு குழி நிறைந்து, நீர் எதிர்த்து வருகின்றது. இதற்குக் கம்பி விட்டுப் பயனில்லை.

4. ஓசை யாது? நீர் இறங்கும்போது குடுகுடுவென ஓசை எழுந்தாலும், ஒரு துவாரத்தில் ஊற்ற மற்றொன்றில் குமிழி வந்தாலும், காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டிருக்கலாம். அல்லது பொதுக்குழாயில் அடைப்பு தொடங்கியிருக்கலாம். காற்றுப்போக்கியின் உச்சியில் பறவைக் கூடோ குளவிக் கூடோ உண்டா என்று பார்க்க வேண்டும்.

5. எந்த இடம்? சேம்பர் என்று வழங்கும் சோதனைத் தொட்டிகளின் மூடிகளை வீட்டிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொன்றாகத் திறக்கவும். நீர் நிறைந்த தொட்டிக்கும், அதற்கடுத்து வெறுமையாக உள்ள தொட்டிக்கும் இடையிலுள்ள குழாயில்தான் அடைப்பு உள்ளது. எல்லாத் தொட்டிகளும் நிறைந்திருந்தால், தடை கடைசித் தொட்டிக்கு அப்பால், செப்டிக் டேங்கிலோ தெருச்சாக்கடையிலோ இருக்கின்றது. எல்லாம் வெறுமையாயிருந்தால், தடை வீட்டிற்குள்ளேயே உள்ளது. இச்சோதனைக்குக் காசு செலவில்லை. கால்மணி நேரம் போதும். மூடியைத் திறந்தவுடன் அதன்மேல் குனிதலும், நெருப்புக்குச்சி கிழித்துப் பார்த்தலும் கூடா. எரியும் வாயு அங்கே தங்கியிருக்கும்.

நாற்றம் மட்டும் வந்து நீர் தடையின்றி ஓடுமாயின் அடிவளைவைப் பார்க்கவும். டிராப் எனப்படும் அவ்வளைவில் எப்போதும் இரண்டங்குல உயரம் நீர் நின்று, சாக்கடைக் காற்றை வீட்டினுள் வாராமல் தடுக்கின்றது. இவ்வமைப்பிற்கு 1775ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். பல நாள் பயன்படுத்தாத குளியலறையில் அந்நீர் உலர்ந்துவிடும். ஒரு செம்பு நீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும்.

அடைப்பை நீக்கும் முறை

கிளைக் குழாய் அடைப்பிற்கு முதலில் துவாரத்தின் சல்லடையைக் கழற்றி, கையுறையணிந்து கட்டியை வெளியே எடுக்கவும். பின்னர் ரப்பர் கிண்ணம் பொருத்திய தடியால் அழுத்தி இழுக்கவும். எண்ணெய்ப் பசையாயின் சலவைச் சோடாவைக் கரைத்த சுடுநீரை மெதுவாக ஊற்றலாம். ஆயினும் கொதிநீர் ஆகாது, பி.வி.சி. குழாய் அவ்வெப்பத்தில் இளகி வளையும். பொதுக்குழாய் அடைப்பிற்கு மூங்கில் பிளாச்சையோ சுருள் கம்பியையோ பயன்படுத்துவர். காலியாயுள்ள கீழ்த்தொட்டியிலிருந்து மேல்நோக்கிக் குத்தினால், அடைப்பு விடும்போது நீர் திடீரெனப் பாயும். ஆதலால் செய்பவர் குழாய்வாய்க்கு நேரே முகத்தை வைத்தல் கூடாது. வேலை முடிந்தபின் இரண்டு வாளி நீரை ஒருசேர ஊற்றி, கடைசித் தொட்டி வரை அது வந்து சேர்கின்றதா என்று காண்க.

ஆசிட்டை ஊற்றுவது பலரிடம் பழக்கமாகிவிட்டது. அஃது எண்ணெய்ப் பசையைக் கரைப்பதில்லை. சிமெண்டுப் பூச்சை அரிக்கின்றது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். கதவடைத்த குளியலறையில் இது மூச்சைத் திணறச் செய்யும். இவ்விரண்டையும் ஒருநாளும் கலவாதிருத்தல் வேண்டும்.

உயிர் காக்கும் விதி

தொட்டிக்குள் மனிதரை இறக்கலாகாது. எத்துணை அவசரமாயினும், எவ்வளவு கூலி தருவதாயினும் இறக்கலாகாது. செப்டிக் டேங்கில் தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கி நிற்கும். அளவு குறைந்தவழி அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். எனவே நாற்றமில்லை, இறங்கலாம் என்று நினைப்பவனே முதலில் மயங்கி விழுகின்றான். அவனைக் காக்க அடுத்தவன் இறங்குகின்றான். நமக்கு அண்மையிலுள்ள திருப்பெரும்புதூரை அடுத்த நெமிலியில் 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரே தொட்டியில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரே குடும்பத்தினரும் இருந்தனர்.

மனிதக் கழிவுகளைக் கையால் அகற்றும் பணியில் அமர்த்துதலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியையும் பாதாளச் சாக்கடையையும் தூய்மை செய்ய ஆளை அமர்த்துபவர், முதல் முறை குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறைக்கோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கோ இரண்டிற்குமோ உள்ளாவர். இது வீட்டுக்காரர்க்கும் பொருந்தும். இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. பணம் போன உயிரை மீட்காது. உறிஞ்சு லாரியை அழைப்பதே முறை. ஊராட்சி அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் இதனைக் கண்காணித்தல் வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவை

வருமுன் காப்பதே சிக்கனம். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய தாளாலோ சாம்பலாலோ துடைத்து, அதனைக் குப்பையில் சேர்க்கவும். சமையலறைத் துவாரத்தில் சல்லடையிட்டு நாள்தோறும் தட்டவும். வெளியே ஓரடி நீள அகலமுள்ள சிறு தொட்டியொன்று கட்டி, நீர் அதில் தங்கிச் செல்லுமாறு செய்தால், எண்ணெய் மேலே மிதக்கும். பருக்கை அடியில் தங்கும். வாரம் ஒருமுறை இவ்விரண்டையும் அள்ளி எருக்குழியிற் போடலாம்.

புதுவீடு கட்டுவோர் குழாய் பதிக்கும் நாளன்று நேரில் நிற்க வேண்டும். நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி வாட்டம் என்பது நெடுநாள் விதி; அஃதாவது பத்தடிக்கு மூன்றங்குலம். திருப்பம் வரும் இடந்தோறும், இரு குழாய்கள் சேரும் இடந்தோறும் சோதனைத் தொட்டி வேண்டும். செங்குத்துத் திருப்பத்தைத் தவிர்த்துச் சாய்வான வளைவை இடவும். மூடுவதற்குமுன் நீர் ஊற்றிப் பார்த்து, குழாய் சென்ற வழியை ஒரு தாளில் வரைந்து வைக்கவும். பிற்காலத்தில் தரையை உடைக்கும் செலவை அத்தாள் மீதப்படுத்தும்.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்தல் வேண்டும். நீண்ட கழியின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி, வெளியே நின்றபடியே அடிவரை விட்டு, சிறிது நேரம் கழித்து எடுத்தால், சேறு நின்ற உயரம் கறுப்பாகத் தெரியும். அது நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் லாரியை அழைக்கவும். எடுத்த கழிவை ஏரியிலோ வாய்க்காலிலோ கூவத்திலோ கொட்டவிடாமல், சுத்திகரிப்பு நிலையத்திற்கே கொண்டுசெல்லச் செய்தல் நம் பொறுப்பு. இதற்கான வழிமுறைகளை மாநில அரசு 2014ஆம் ஆண்டே வெளியிட்டுள்ளது.

உறிஞ்சு குழியும் காய்கறித் தோட்டமும்

பொதுச்சாக்கடை இல்லாத தெருவில், குளியல் நீருக்கும் சமையலறை நீருக்கும் உறிஞ்சு குழி தக்கது. கழிப்பறை நீரை இதில் விடலாகாது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் தோண்டி, அடியில் பெருங்கல்லும், நடுவில் செங்கல் துண்டும், மேலே சிறு ஜல்லியும் நிரப்புக. நடுவில் அடியில் துளைகளிட்ட மண்பானையைத் தேங்காய் நாருடன் பதித்து, நீர் அதன் வழியே இறங்கச் செய்க. நார் அழுக்கைத் தடுக்கும். இருவாரத்திற்கு ஒருமுறை நாரை மாற்றினால் குழி நெடுநாள் உழைக்கும்.

எல்லா மண்ணும் நீரை உறிஞ்சாது. ஆதலால் குழிக்குமுன் மண்ணைச் சோதிக்கவும். திட்டமிட்ட ஆழத்தில் சிறு பள்ளம் எடுத்து, முதல்நாள் இரவு முழுதும் நீர் நிறுத்தி ஊறச் செய்க. மறுநாள் காலையில் ஆறங்குல உயரம் நீர் ஊற்றி, ஓரங்குலம் இறங்க எத்தனை நிமிடமாகின்றது என்று பார்க்க. அரைமணி நேரத்திற்குள் இறங்கினால் மண் தகுதியுடையது. ஒருமணி நேரத்தையும் தாண்டினால் உறிஞ்சு குழி வீண்செலவு. நிலத்தடி நீர் மூன்றடியில் தென்படும் தாழ்ந்த இடத்திலும் அது பயன்படாது. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிப்பறைக் கழிவு இறங்கும் குழிக்கும் அறுபதடி இடைவெளி விடுதல் நலம்.

களிமண் நிலத்தில் கொல்லை உள்ளவர்கள், கழிநீரை நாரிட்ட தொட்டியில் வடித்து, பாத்தி பிரித்து, வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவற்றிற்கு முறைமாற்றி விடலாம். நாளுக்கொரு பாத்தியாக விட்டால் மண் அழுகாது. கீரை, வெள்ளரி போன்று பச்சையாக உண்பவற்றிற்கும் நிலத்தோடு படிவனவற்றிற்கும் இந்நீர் வேண்டா.

ஊராட்சியின் கடமைகள்

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், வடிகால் கட்டுதலையும் கழிநீரை அகற்றுதலையும் சிற்றூராட்சியின் கடமைகளுள் வைத்துள்ளது. அதனை நிறைவேற்றக் கீழ்க்கண்டவை உதவும்.

முதலில் ஊர்ப்படம் ஒன்று வரைக. எந்தத் தெருநீர் எங்கே சேர்கின்றது, சிறுபாலங்கள் எங்குள்ளன, குடிநீர்க் குழாய் சாக்கடையை எங்கே கடக்கின்றது என்பன அதில் தெரிதல் வேண்டும். கடக்கும் இடந்தோறும் குடிநீர்க் குழாய் மேலேயும் கழிநீர் கீழேயும் இருக்க வேண்டும். இணையாகச் செல்லுமிடத்துப் பத்தடி இடைவெளி வேண்டும். குழாய் இயக்குபவர் தெருக்கோடியில் நீரைச் சோதித்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்கின்றதா என்று குறித்து வைக்க வேண்டும்.

அடுத்து, வேலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் வாட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுக. கடைசிப் போக்கிடம் இல்லாத சாக்கடை, அடுத்த தெருவிற்கு நாம் அனுப்பும் குட்டையேயாகும். சாலையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் சாக்கடையின் தளம் என்னவாகும் என்று கேட்பது அங்கத்தினர் கடமை.

நம் ஒன்றியத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1996ஆம் ஆண்டு குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ ரங்கசாமி அவர்கள், வேதிப் பொறியியல் பயின்றவர். அருகிலுள்ள கல் மெருகிடும் தொழிற்சாலைகளில் கழித்தொதுக்கிய கற்களைக் கொண்டு, ஊராரின் உழைப்புடன் அவ்வூரின் வடிகாலைக் குறைந்த செலவில் கட்டுவித்தார். மதிப்பீட்டில் கண்ட முறையினின்று மாறியது குறித்து நிர்வாகச் சிக்கல்களும் எழாமலில்லை. அலுவலர் என்ற முறையில் யான் இதிலிருந்து கொள்ளும் படிப்பினை இரண்டு: ஊரில் கிடைக்கும் பொருளைப் பயன்படுத்த ஊரார் முன்வரும்போது அலுவலர் துணைநிற்றல் வேண்டும், ஊராரும் மாற்றத்தை முன்கூட்டியே தீர்மானமாக எழுதி ஒப்புதல் பெறுதல் வேண்டும்.

தேங்கிய கழிநீரில் யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு பெருகுகின்றது. முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ போதும். ஆதலால் வாரம் ஒருமுறை நீரை வடித்துவிட்டால் அதன் குலம் அறுபடும். தூய்மைக் காவலர்க்குக் கையுறையும் காலணியும் கொடுத்த பின்னரே வேலையில் இறக்குக. வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது மீண்டும் சாக்கடையிற் சேரும், அன்றே அகற்றுக.

இவற்றை ஆராயக் கிராம சபை உண்டு. மார்ச்சு 22ஆம் நாள் உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் சபையில் ஊர்ப்படத்தை வைத்து விவாதிக்கலாம். ஆகஸ்டு 15ஆம் நாள் சபைக்குள் தூர்வாரும் பணியை முடிக்கத் திட்டமிடலாம். அக்டோபர் 2ஆம் நாளன்று, மழை இறங்குமுன், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு குடம் நீர் ஊற்றி ஓட்டம் பார்த்ததாக அங்கத்தினர் அறிக்கை தரலாம். மழை வந்தபின் மண்வெட்டி தேடுவது யாருக்கும் நன்மை தாராது.

முடிவுரை

மேலே கூறியவற்றுள் பெரும்பணம் வேண்டுவது எதுவுமில்லை. சல்லடை, கழியில் சுற்றிய துணி, மட்டம் பார்க்கும் நீர்க்குழாய், ஊர்ப்படம் வரைய ஒரு தாள் ஆகியவையே கருவிகள். எல்லாவற்றிற்கும் மேலாக வேண்டுவது, நீர் ஏன் நின்றது என்று கேட்கும் பழக்கம். அக்கேள்வியை அன்று அலுவலர் கேட்கவில்லை. திண்ணையிலிருந்த மூதாட்டி கேட்டார். அச்சிறுபாலத்தை இடித்துத் தாழ்த்திக் கட்டி, குடிநீர் இணைப்புகளை மேலேற்றிய பின்னர், அடுத்த ஐப்பசியில் அத்தெருவிற்குச் சென்றேன். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. சாக்கடையில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேரன் திண்ணையிலிருந்து இறங்கி அதில் காகிதக் கப்பல் விட முயல, பாட்டி அதட்டி உள்ளே அழைத்தார். நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் அவ்வாறு நீர் ஓடுமாறு செய்தல் ஊராட்சிக்கும் வீட்டார்க்கும் பொதுவான கடனாகும்.